அழகேசனின் தலைக்கு மேலே நடந்தவள்

கோலாலம்பூரில் சுரங்க ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் அழகேசன் மேலே வரவில்லை. சாகவும் இல்லை. பாதை தோண்டப் போனவர்கள் எல்லாரும் ஏறி வந்துவிட, அவன் மட்டும் சுரங்கச் சுவருக்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள் இருந்துகொண்டான். கடைக்கு இன்னும் அரிசி வரவில்லை என்று சொல்வதுபோல் மேற்பார்வையாளர் இதை அவன் மனைவி நளினிக்குப் போனில் சொன்னார். எந்த இடத்தில் என்று அவருக்கும் தெரியவில்லை.

கெடாவில், சிடாம் கிரிக்குப் பக்கத்தில் அவர்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனபோது தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள். சுங்கை பட்டாணியில் வாடகைக்குப் போன வீடுகளிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கிளப்பினார்கள். கடைசியாக ஒரு முறை சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் ரூபினியின் தலையைத் தடவிவிட்டு, வேலைக்கென்று கோலாலம்பூருக்குப் பஸ் ஏறியவன்தான் அழகேசன்.

நளினி கையுறைத் தொழிற்சாலையில் லீவு கேட்டுக்கொண்டு தலைநகருக்குப் போனாள். முதலில் ரயிலில் ஏறிப் பார்த்தாள். வேகத்தில் கறுப்புச் சுவர்தான் தெரிந்தது. ஆகவே வெளியே வந்து, ரயில் கீழே போகும் வழியை மேலே தெருத் தெருவாக நடந்தாள். செந்தூலிலிருந்து ஆஸ்பத்திரி மதிலை ஒட்டி, நாசி லெமாக் சோற்றுக் கடைகளைக் கடந்து, வெயிலில் நடந்தாள். கம்போங் பாருவைத் தாண்டியதும் தார் ரோடு அவள் பாதத்தடியில் மெல்ல ஏறி இறங்கியது. செருப்பைக் கழற்றி நின்று பார்த்தாள். அது அவனுடைய குறட்டைதான். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா? சுரங்கத்துக்குக் காற்றுப் போக நடைபாதையில் பதித்திருந்த கம்பிகளுக்கு மேல் குனிந்து கூப்பிட்டாள்.

"என்னாங்க, நான் நளினி. மேல வாங்க."

குறட்டை நின்றது. "நீயா? எப்படி லா கண்டுபுடிச்ச?"

"நடந்து வந்தேன். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

"எந்த வீட்டுக்கு?"

நளினி கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தினாள்.

"இங்க யாரும் வந்து காலி பண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, நளினி. நிம்மதியா இருக்கேன்."

"எங்களயும் கூப்பிட்டிருக்கலாமில்ல?"

கீழே ஒரு ரயில் இரைந்துகொண்டு போனது. பிறகு, "ஒரு ஆளுக்குத்தான் இடம் இருக்கு" என்றான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மிச்சப் பாதையையும் நடந்தாள். திரும்பிப் போவதற்கு மட்டும் அவ்வளவு தூரம் வந்ததாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள். சான் சவ் லின் நிலையத்தைத் தாண்டி ரயில் வெயிலுக்கு வரும் இடத்தில் நின்று சற்று நேரம் அழுதுவிட்டு, கெடாவுக்குப் பஸ் ஏறினாள்.

அதன்பிறகு பாலிங்கிலிருந்தும் ஜித்ராவிலிருந்தும் கோலாலம்பூர் போகும் சொந்தக்காரர்கள் அவனுக்கு மேலே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவது வழக்கமாயிற்று. குரல் கனத்திருக்கிறது, உடம்பு போட்டிருப்பான் என்றார்கள். நளினி மட்டும் போகவில்லை. இரண்டு ஷிப்ட் பார்த்து மகளை ஆளாக்கினாள்.

போன தை மாதம் ரூபினிக்குக் கோயில் மண்டபத்தில் கல்யாணம். தாரை வார்க்கும் நேரம் வந்ததும் ஐயர் பெண்ணின் அப்பாவைக் கேட்டார்.

"அவரு கோலாலம்பூருல ரோட்டுக்குக் கீழ இருக்காரு, ஐயரே" என்றாள் நளினி.

ஐயர் தலையாட்டிவிட்டுச் சொம்பை அவள் கையில் கொடுத்தார்.