சுரையா சொன்ன பதில்

பயிற்சி விமானம் வயலில் விழுந்து, அதில் பறக்கக் கற்றுக்கொடுத்த ஜாசிம் இறந்த மறுமாதம், விசாரணை அதிகாரி உத்திரமேரூருக்கு வந்தார். ஜாசிமின் மனைவி சுரையா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கவேண்டிய மாதங்கள். அவள் உள்ளறையில் இருக்க, கூடத்தில் அதிகாரி. நடுவே ஒரு பச்சைத் திரை. கேள்வியைக் கொண்டுபோய்ப் பதில் வாங்கி வருவது மாமனார் அஹமது பாட்சா.

"உங்க பையனுக்கு மயக்கம், வலிப்பு ஏதாவது இருந்துச்சான்னு மருமகளைக் கேளுங்க பாய்."

அஹமது பாட்சா உள்ளே வந்தார். கேட்கவில்லை.

"இல்லன்னு சொல்லிடறேன்," என்றார் மெல்ல.

போன ரம்ஜானில் ஜாசிம், நோன்புக்கு விடியுமுன் சாப்பிடும் சஹர் சோற்றுத் தட்டின் மேலேயே சரிந்து, கைகால் வெட்டி இழுக்கக் கிடந்தது சுரையாவின் கண்முன் வந்தது. தெளிந்ததும் சிரித்தான். "யார்கிட்டயும் மூச்சு விடாதே. லைசென்சைப் புடுங்கினா அத்தா கடையில ஆணி நிறுத்துக்கினு ஒக்காரணும். ஆணிக்கடைக்காரன் பொண்டாட்டின்னு உன்னைக் கூப்பிட்டா பரவால்லியா?" அவளும் சிரித்துவிட்டாள். மாமனார் பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கிவந்து கொடுத்தார், குணமாகிவிட்டது என்றார். மருத்துவப் பரிசோதனையில் கேட்டபோது ஜாசிம் வாயே திறக்கவில்லை.

"மாமா, அவர்கிட்ட கத்துக்கக் கூடப் போன மேரி..."

"அது உசுரோட கீது. எம் புள்ள இல்ல."

"சார் வெறச்சிக்கினு விமானம் ஓட்டற ஸ்டிக் மேலயே சாஞ்சிட்டாருன்னு ஆஸ்பத்திரியில கதறுதாம். யாரும் நம்பல. பொம்பள கையில குடுத்தா விழாம இன்னா பண்ணும்னு சிரிக்கறாங்க. இனிமே அதைப் பறக்க விடுவாங்களா?"

"வலிப்பு வூடுன்னு பேர் வந்தா ஷாஹிஸ்தாவை எவன் கட்டுவான்? பேசிவெச்ச நிக்காஹ் நின்னுடும். உன் நாத்தனார்தானே, நெனச்சிப் பாரு."

பதிலுக்கு நிற்காமல் கூடத்துக்குப் போனார். "ஒண்ணும் இல்லியாம் சார். குண்டுக்கல்லாட்டம் இருந்தான்."

"அப்போ கத்துக்க வந்த பொண்ணோட தப்புதான்," என்றபடி அதிகாரி எழுதக் குனிந்தார்.

சுரையா திரையை ஒட்டி வந்து நின்றாள். இதுவரை அந்த வீட்டில் அவள் குரல் கூடம்வரை போனதில்லை.

"சார், மாமா என்னைக் கேக்கவே இல்ல. அவருக்கு வலிப்பு இருந்துச்சி. நான் பார்த்தேன். அந்தப் பொண்ணு சொல்றது நெஜமாத்தான் இருக்கும். நாங்க மறச்சிட்டோம்."

அதிகாரி பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாய்?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்," என்றார் அஹமது பாட்சா. "எனக்கும் தெரியும்."

அதிகாரி போய் வெகுநேரம் ஆயிற்று. உள்ளே வர மாமனாருக்குத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் அவர் வரவில்லை. திரைக்கு அந்தப்பக்கம் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மகனின் ஜனாஸா அடக்கத்துக்குப் போன அன்றுகூட அவர் இப்படி அழுததில்லை. சுரையா இந்தப்பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்கும் ஜாசிமின் முகத்தை நினைத்து, ஒளிவு மறைவில்லாமல், அப்போதுதான் அழ முடிந்தது.