அடிமண் கலந்த தண்ணீர்

மேல்தண்ணீர் வேண்டாம், அடிமண்ணோடு எடுத்துவாருங்கள் என்றுதான் உயிரியல் ஆசிரியை சொல்லியிருந்தார். பாறசாலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் அபிஷாவின் அப்பா சஜி மூன்று தடவை முங்கினார். மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திக்கொண்டே, மகளுக்காக ஒரு குப்பி சேற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தார். அது நடந்து நாலு நாள் ஆகிறது.

இன்று கல்லூரி ஆய்வகத்தில், அந்தத் தண்ணீரின் ஒரு சொட்டில் அமீபா ஒன்று மெல்ல நகர்வது மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது. முதலாண்டு மாணவி அபிஷாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது ஒண்ணும் செய்யாது. மூக்கு வழியா மூளைக்குப் போய் ஆளைக் கொல்றது வேற வகையாக்கும். அதுவும் அடிமண்ணிலதான் கிடக்கும். நீ கரையில நின்னுதானே எடுத்தே?"

தலைவலிக்கிறது என்று காலையில் அப்பா சொல்லியிருந்தார். வராந்தாவுக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டாள்.

"இப்ப காய்ச்சலும் உண்டு மக்கா," என்றாள் அம்மா. "வெளிச்சம் கண்ணில குத்துதுண்ணு ஜன்னலைச் சாத்தச் சொன்னாரு."

"மார்க்கு கிடைச்சுதாண்ணு கேளு. இல்லேண்ணா இன்னொரு குப்பி எடுக்கலாம்," என்று பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

"அம்மா, இப்பவே ஆட்டோ பிடிச்சு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோங்க. குளத்தில முங்கினதை டாக்டர் கேக்காட்டாலும் சொல்லணும்."

"சாதா காய்ச்சலாக்கும்."

"எனக்காக முங்கினதாக்கும்மா."

சட்டையைப் போடச் சொல்லி அம்மா அப்பாவை எழுப்புவது கேட்டது. கழுத்து திரும்பவில்லை என்று அப்பா சொன்னதும் கேட்டது.