கணக்கில் வராத தீர்த்தம்

என் வயிற்றை டாக்டர் ஜானகிராமன் ஏற்கெனவே இரண்டு முறை திறந்து பார்த்தவர். முதலில் குடல்வால் வெடித்ததற்காக. அந்தத் தழும்பில் குடல் ஒட்டிக்கொண்டு அடைத்ததால் இரண்டாம் முறை. ஐம்பத்தாறாம் வருஷம் ஆடியில் மறுபடி அடைத்துக்கொண்டது. மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் ஊருக்கே புளியோதரை கிளறும் இந்தப் பாஷ்யத்துக்கு ஒரு வாய் மோர் இறங்கவில்லை. வயிறு பானையாக உப்பி, குடித்ததெல்லாம் பச்சையாக வாந்தி.

செங்கல்பட்டில் டாக்டருடைய நர்சிங் ஹோமில் கொண்டுபோய்ப் போட்டார்கள். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"பாஷ்யம், கத்தி வச்ச இடம் ஒட்டிக்கும். ஒட்டினதைப் பிரிக்க மறுபடி வச்சா இன்னும் நாலு இடத்துல ஒட்டிக்கும். இந்தத் தடவை குடலுக்கு ஓய்வு குடுத்துப் பார்ப்போம். வாய் வழியா ஒரு சொட்டு உள்ள போகப்படாது."

மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு ரப்பர் குழாய் விட்டார்கள். மறுமுனை கட்டிலடியில் ஒரு பாட்டிலில்; இரைப்பையில் இருப்பதெல்லாம் அதில் வடியும். கை நரம்பில் உப்புத் தண்ணீர் ஏறியது. பாட்டிலில் விழுவது குறைந்து வாயு பிரிந்தால் பிழைத்தேன். இரண்டு நாளில் அது நடக்காவிட்டால் மூன்றாவது கத்தி. வியாதியை உண்டாக்கினதே வியாதிக்கு மருந்து என்று நான் எந்த உபன்யாசத்திலும் கேட்டதில்லை.

என் மனைவி சுந்தரவல்லி இரண்டு நாளும் முதல் பஸ்ஸில் பெரிய சொம்பு நிறையத் தீர்த்தத்தோடு வந்தாள். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையை நீட்டி முதலில் வாங்கிக்கொண்டார். பருகி, ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டார். அடுத்து எனக்கு ஒரு உத்தரணிக் கரண்டி வார்த்தபோது பக்கத்தில்தான் நின்றார். பிறகு, வாயில் ஒன்றும் போடவில்லையே என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பொய்யில்லை. பெருமாள் தீர்த்தத்தை ஆகாரத்தில் சேர்க்கிறவர் எங்களில் யாரும் கிடையாது. ஏகாதசிப் பட்டினியிலேயே அதற்கு இடமுண்டு. டாக்டர் போனபின் மிச்சச் சொம்பும் எனக்குத்தான். தாகம் அப்படி.

இரண்டாம் நாள் பாட்டில் விளிம்புவரை நிறைந்தது. அளவைப் பார்த்த டாக்டர், மறுநாள் காலை ஆபரேஷன் என்றார். சுந்தரவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, கூடையிலிருந்து இன்னொரு சொம்பை எடுத்தாள்.

பாட்டிலைக் கொட்டப்போன கம்பவுண்டர் மோசஸ் வாசலிலேயே நின்று மோந்து பார்த்தார்.

"இன்னா சாமி, பாட்டில்ல பச்சைக் கற்பூரம் மணக்குது?"

தீர்த்தம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"உனக்குத் தீர்த்தம் சாமி. கொடலுக்கு அது தண்ணிதான். தலையில தெளிச்சிக்கோ, வாயில வோணாம்."

டாக்டரிடமும் அவரே சொன்னார். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் என் மேலா, தன் உள்ளங்கை மேலா என்று தெரியவில்லை. ஆபரேஷனை ஒரு நாள் தள்ளிப்போட்டார்.

மறுநாள் பாட்டிலில் கால்வாசிகூட இல்லை. மாலையில் வார்டே கேட்க வாயு பிரிந்தது. எந்த நாயனத்துக்கும் நான் அப்படி மகிழ்ந்ததில்லை. எல்லாம் தீர்த்தத்தின் மகிமை என்றாள் சுந்தரவல்லி. டாக்டரும் தலையாட்டிவிட்டு, இனி வயிறு முட்டச் சாப்பிடாதே, வாழைத்தண்டு, பலாப்பழம் பக்கமே போகாதே என்று என்னை எச்சரித்தார். மோசஸைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

குழாயை உருவியபின் முதல் தண்ணீர் கொண்டுவந்தவர் அவர்தான். தெருக்குழாய்த் தண்ணீர், அலுமினிய டம்ளரில். அவர் கையால் வாங்கிக் குடிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. உள்ளங்கையைக் குவித்து நீட்டினேன். ஒரு ஸ்பூன் வார்த்தார். பருகினேன். ஈரக்கை தானாகத் தலைக்குப் போய்விட்டது.

சுந்தரவல்லி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.