புகையிலை போன பிறகும் சோதனை

போர்ட் லூயிஸ் சிகரெட் ஆலை மூடப்பட்டு, அதே கட்டடத்துக்குப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு அலுவலகம் வந்து சில வருடங்களாகிவிட்டன. வாசல் காவலர் கிளெமானின் வேலையை மட்டும் யாரும் மாற்றவில்லை. புகையிலை திருட்டுப் போகக் கூடாதே என்று, வெளியேறும் எல்லோர் சட்டைப்பையையும் அவர் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார். புது மாப்பிள்ளைகளும் தப்பியதில்லை.

கடைசியில் மேலிடம் விழித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு திருடனாவது அகப்படாவிட்டால் காவலரை அனுப்பிவிடுங்கள் என்று தலைமை எழுத்தர் அப்பாவுவுக்கு உத்தரவு வந்தது. பிள்ளைகுட்டிக்காரன் வயிற்றில் அடிப்பதா? பிறந்ததிலிருந்து புகைத்தறியாத அப்பாவு ஒரு சிகரெட் வாங்கித் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை வாசலுக்கு வந்தார்.

அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் பிடிபட்டுத் தலைகுனிந்து நின்றது. தட்டச்சுக்கார மார்லெனின் கொண்டையில் சிகரெட், எழுத்தர் தெனியின் காலுறையில் சிகரெட். இரக்கம் அப்பாவுவுக்கு மட்டும் சொந்தமா என்ன!

தொப்பியைத் தூக்கிப் பார்த்த கிளெமானுக்குக் கண் கலங்கியது.

"ஐயோ மிஸ்யே, நீங்களுமா?"

"சபலம், கிளெமான். என்ன செய்ய!"

"பிளேன் மாக்னியன் விமான நிலையத்துல எனக்கு நல்ல வேலை கிடைச்சிருக்கு, மிஸ்யே. திங்கக்கிழமை சேரணும். இப்ப எப்படிப் போவேன்? இத்தனை திருடங்களை நம்பி வாசலை விட்டுட்டுப் போக முடியுமா?"

பெருமூச்சுவிட்டபடி கிளெமான் அடுத்தவரின் பைக்குள் கையை விட்டார்.