மனுஷக் காய்ச்சல்

டால்பி ஊருக்கு வெளியே இருக்கும் அந்தப் பன்றிப் பண்ணையில் தினமும் குளித்து, உடுப்பு மாற்றித்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் ஒரு பதிவேடு. 'காய்ச்சல், இருமல் உண்டா?' என்று கேட்கும். அங்கே வேலை செய்யும் டியோனிசியோ கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று போடுவான். அந்தச் செவ்வாய்க்கிழமை உடம்பு அனலாய்க் கொதித்தது. இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு அன்றும் 'இல்லை' என்றே போட்டான். பெரிய வீரன்தான்!

அன்றைக்குப் பார்த்து ஒரு குட்டி மூச்சில்லாமல் பிறந்தது. மூக்கில் வாய் வைத்து ஊதினான். உதறிக்கொண்டு கத்தியது. அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு வாரத்தில் கொட்டகை முழுக்க இருமல். கால்நடை மருத்துவர் பன்றிகளின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் போனார். முடிவு வந்ததும் முதலாளி கிளெனிஸ் எல்லோரையும் கூப்பிட்டார்.

"பன்னிங்களுக்கு வந்திருக்கறது மனுஷக் காய்ச்சல். நம்மள்ல யாரோ கொடுத்திருக்கோம். அதுங்களோட சொந்தக் காய்ச்சலும் அங்க இருக்கு. ரெண்டும் ஒரே பன்னிக்குள்ள சந்திச்சா, சீட்டுக்கட்டு கலையற மாதிரி ஒண்ணோட ஒண்ணு கலந்து புதுசா ஒண்ணு கெளம்பும். அது யாரு உடம்புக்கும் பழக்கமில்லாதது. எங்க ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா பிடிச்சிரலாம்."

டியோனிசியோவின் மனைவியையும் மகள்களையும் சொந்த ஊரான இலோயிலோவிலிருந்து வரவழைக்கும் விண்ணப்பம் கிளெனிஸின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பொய் எழுதியவனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஆனால் பக்கத்தில் மரிவிக் நின்றாள், ஏழு மாத வயிற்றோடு. மத்தியானம் அந்தக் குட்டி இருக்கும் வரிசையைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"நான்தான்," என்றான். "மூணாவது வரிசை. காய்ச்சலோட ஒரு குட்டிக்கு வாய் வச்சு ஊதினேன்."

"ஏண்ணே, முத்தம் கொடுக்க உனக்கு வேற ஆளே கெடைக்கலியா?" என்றாள் மரிவிக். சிரித்தாள், ஆனால் கை வயிற்றுக்குப் போய்விட்டது.

கிளெனிஸ் அவளை அப்போதே சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பினார். பிறகு அவனிடம், "போன வருஷமும் நீ நடுங்கிட்டே வந்தே. ஆள் பத்தலைன்னு நானும் பாக்காத மாதிரி இருந்தேன். இந்தப் பொய்யில பாதி என்னுது," என்றார். அவன் எதிர்பார்த்தது வசவுதான்.

மூன்றாம் வரிசையைச் சோதித்ததில், ஒரே ஒரு தாய்ப்பன்றிக்குள் இரண்டு காய்ச்சலும் கலந்திருந்தது. மரிவிக் மத்தியானம் முதலில் போய் உட்காரும் இடம் அதுதான். பரவும் முன் பிடித்துவிட்டதால் அந்தப் புதுக் காய்ச்சல் மனிதர் யாருக்கும் வரவில்லை. அந்த வாரமே கிளெனிஸ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

மரிவிக்குக்குக் குழந்தை பிறந்ததும் நன்றி சொல்லத்தான் டியோனிசியோ அவள் வீட்டுக்குப் போனான். அன்று அவள் மட்டும் அங்கே நின்றிருக்காவிட்டால் வாய் திறந்திருப்பானா என்று அவனுக்கே சந்தேகம். வாசலில் அவனுக்கு ஒரு தும்மல் வந்தது. உள்ளே போகாமல் வேலியோரமே நின்றுவிட்டான்.

மரிவிக் ஜன்னல் கண்ணாடிக்குள்ளிருந்து குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "நன்றிண்ணே," என்று அவள் உதடுகள் அசைந்தன. தான் சொல்ல வந்ததை அவள் சொல்லிவிட்டாளே என்று, அவன் வேலியோரம் நின்றபடியே அழுதான்.