பிரிக்காத பெட்ஷீட்

ராக்கம்மாவையும் வீரபாண்டியையும் ஒரு ராத்திரி சேர்ந்து இருக்க விடாமல் செய்தவன் நான்தான். முதலாளி சாலிமுக்கு இதில் பங்கு கிடையாது. அவர் நல்ல மனுஷர்.

ஓமனில் சலாலாவுக்கு மேலே மலைப்பாதையில் ஒரு சின்ன ஊர். அதன் ஓரத்தில் சாலிமின் கேம்ப் கிரவுண்ட். சாரல் சீசனில் துபாய், மஸ்கட் என்று எங்கிருந்தெல்லாமோ கேம்பர் வேனில் வந்து ஒரு ராத்திரி தங்கிப் போவார்கள். வேன் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய கேரவன் உண்டு, வாடகை மலிவு. காவல், கக்கூஸ் கழுவுவது, குழாய் ரிப்பேர் எல்லாம் அம்மையப்பனாகிய நான்.

அன்று சாயங்காலம் வீரபாண்டி வந்தான். சலாலாவில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்து அவன் பெண்டாட்டி ராக்கம்மாவை இறக்கிவிட்டுப் போனது. அவள் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி சோஹாரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். சாரல் பார்க்க வந்த அந்தக் குடும்பம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இவளையும் கூட்டி வந்திருந்தது. காலை ஏழு மணி வரை லீவு. ஒரே நாட்டில் இருந்தும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகிறதாம். அவன் தங்கியிருக்கும் லேபர் கேம்ப்பில் பெண்களை விட மாட்டார்கள். லாட்ஜில் கல்யாணப் பத்திரம் கேட்பார்கள். கோயிலில் தாலி கட்டியவர்களிடம் அது ஏது?

இதையெல்லாம் அவனே சொன்னான். கமுதிப் பக்கமாம். நானும் அந்தப் பக்கம்தான். கேரவன் சாவியை எடுக்கப் போனேன். அப்போதுதான் அவன் கக்கத்தில் இருந்த பெட்ஷீட்டைப் பார்த்தேன். புதுசு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. சிவப்பில் பெரிய பெரிய பூ.

சாவியை எடுக்கவில்லை. நான் ஊருக்குப் போய் ஆறு வருஷம். என் பெண்டாட்டி பானுமதி போனில் "சாப்ட்டீகளா" என்று கேட்பாள், உடனே பையனிடம் கொடுத்துவிடுவாள். இவனுக்குப் பூப்போட்ட பெட்ஷீட் கேட்கிறதா?

"கல்யாணப் பத்திரம் இருக்கா?" என்றேன்.

அப்படி ஒரு சட்டமே எங்கள் இடத்தில் இல்லை.

"இங்க கேக்க மாட்டாகன்னு சொன்னாகளேண்ணே," என்றான் வீரபாண்டி.

"இப்ப புது ரூல். கேமரா இருக்கு. போலீஸ் கேஸ் ஆச்சுன்னா ரெண்டு பேருக்கும் கலாஸ், ஊருக்கு ஏத்திருவான்."

கேமரா கெட்டுப்போய் இரண்டு வருஷம் ஆகிறது.

ராக்கம்மா விவரமானவள். உள்ளே நின்ற கேம்பர் வேனைக் காட்டினாள். "அவுககிட்ட கேட்டீகளா?"

அரைமணி முன்னால்தான் துபாயிலிருந்து ஸ்ரீகாந்த் சாரும் ஓர் அம்மாவும் அதில் வந்திருந்தார்கள். "வாங்க சார்" என்று தண்ணீர்க் குழாயைக் காட்டியதோடு சரி.

"அது ஃபேமிலி," என்றேன்.

"அப்ப நாங்க யாரு?" என்றாள்.

வீரபாண்டி அவள் கையைப் பிடித்து இழுத்தான். "விடு புள்ள. அண்ணன் வேலைக்கு வம்பு வந்துரும்."

என் வேலைக்காம்! அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெரிய மனசு பண்ணுவதுபோல ஓர் ஏற்பாடு சொன்னேன். அவள் கேரவனில் படுக்கலாம். அவன் வேலிக்கு வெளியே.

அது ஒட்டகம் வராமல் இருக்கப் போட்ட கம்பி வேலி. நெஞ்சு உயரம்தான். லாரி ஏறி இறங்குகிறவனுக்கு அதைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? அவன் தாண்டவில்லை. அவளும் கேரவனுக்குள் போகவில்லை. இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனுமாகச் சாரலில் நனைந்துகொண்டு உட்கார்ந்தார்கள். கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொண்டு வந்திருந்தாள். டப்பா வேலிக்கு மேலே போவதும் வருவதுமாக இருந்தது.

"சும்மா சொன்னேன், உள்ள போங்க" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போனேன். இரண்டு தடவையும் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்குக் கார் வந்தது. அன்றைக்கே சோஹார் திரும்புகிறார்களாம். கார் வளைவில் மறையும் வரை வீரபாண்டி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் வந்தான்.

"அவளையாவது உள்ள விட்டீகளேண்ணே. வேற ஆளா இருந்தா வெரட்டி விட்டுருப்பாக." பெட்ஷீட்டை நீட்டினான். உறை அப்படியே இருந்தது. "கேம்ப்ல வச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். நீங்க வச்சுக்கங்க."

வாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி உறையைப் பிரித்து விரித்துப் படுத்தேன். நல்ல துணி. படுத்ததும் தூங்கிவிட்டேன்.