விட்டுப்போகாத நோன்பு

அரிசி ட்ரம்முக்குப் பின்னால் குந்தியிருந்து ஜான் பீ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் வஹிதா தொழுகைக்குப் பாயை உதறும் சத்தம் கேட்டது. மாதவிலக்கு நாட்களில் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. ஆனாலும் ஆண்கள் கண்ணில் படாமல்தான் குடிக்கவேண்டும், தின்னவேண்டும். அந்த வருஷம் ரமலான் வைகாசி வெயிலில் வந்திருந்தது. பாலக்கோட்டுக் கடைத்தெருவில் தார் இளகிச் செருப்போடு ஒட்டியது. இருந்தும் தண்ணீர் தொண்டையில் இறங்கும் சுகம் ஜான் பீக்குத் தெரியவில்லை. மாதம் முடியப்போகிறது. வஹிதாவுக்கு இன்னும் ஒரு நோன்புகூட விட்டுப்போகவில்லை. போன மாதமும் அவள் தொழாமல் இருந்ததாக நினைவில்லை.

வஹிதா, கொழுந்தன் அப்துல் சுபானின் மனைவி. வந்து ஒன்றரை வருஷம். ஜான் பீ சலாவுதீனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். இரண்டு மருமகள்களுக்கும் ஒன்றுமில்லை என்று இருந்தவரை மாமியார் ரோஷன் பீக்கு யாரைக் குற்றம் சொல்வதென்று பிடிபடவில்லை. சலாவுதீனுக்கு காரிமங்கலத்தில் இன்னொரு பெண் பார்க்கலாம் என்று கிளம்பிய பேச்சுகூட, சின்னவனுக்கும் இல்லையே, கோளாறு நம் ரத்தத்தில் இருந்தால் என்ன செய்வது என்ற சந்தேகத்தில் நின்றுபோயிருந்தது. அந்தச் சந்தேகத்தின் நிழலில்தான் ஜான் பீ இத்தனை நாள் ஒதுங்கியிருந்தாள். வஹிதா முழுகாமல் இருந்தால் அந்த நிழலும் போய்விடும்.

அன்று நோன்பு திறந்ததும் ரோஷன் பீ கறித்துண்டுகளாகப் பொறுக்கி வஹிதாவின் தட்டில் போட்டாள்.

"தின்னுடி. ஒரு நோன்புகூட விடாம வெச்சிருக்கியே, எனக்கு என்ன கண்ணு பொட்டையா?"

"இல்லீங்க மாமி, இன்னும்..."

"வாய மூடு. கண்ணு பட்டுரும்." சொல்லிவிட்டு ஜான் பீயைப் பார்த்தாள். பார்த்ததை மறைக்க, "பெரியவளே, தர்மபுரி லேடி டாக்டரு உனக்குத்தான பழக்கம்? நாளைக்கு இவளக் கூட்டிட்டுப் போயி வா" என்றாள்.

பழக்கம்தான். ஒன்பது வருஷப் பழக்கம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் வஹிதா உட்கார்ந்தாள். கம்பியைப் பிடித்திருந்த கையில் வளையல்கள் முழங்கை வரைக்கும் வழிந்து இறங்கின. மசக்கையில் இளைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் ஜான் பீ. தனக்கு ஒரு காலையிலாவது, ஒரே ஒரு காலையிலாவது குமட்டியிருக்கக் கூடாதா? வஹிதா அசந்து அவள் தோளில் சாய்ந்தபோது, தள்ளிவிடத் தோன்றிய கையை மடிக்குள் அடக்கிக்கொண்டாள்.

டாக்டரம்மா வஹிதாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். எடை பார்த்தார். சிறுநீர் சோதனைக்கு இரண்டு மணி நேரம் காக்கவைத்தார். பிறகு உள்ளே கூப்பிட்டு, "குழந்தை இல்லம்மா" என்றார்.

ஜான் பீயின் நெஞ்சுக்குள் குளிர்ச்சியாக ஏதோ பரவியது. அது சந்தோஷம் என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப ரெண்டு மாசமா வரலீங்களே?" என்றாள் வஹிதா.

"தள்ளிப்போனா அது ஒண்ணுதான் காரணமா? இப்படி எளைச்சுக் கெடக்கே. சாப்பாடு கொறஞ்சாலே நின்னுபோகும். கழுத்துல ஒரு சுரப்பி இருக்கு, அதுல கோளாறுன்னாலும் தள்ளிப்போகும். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். தீராத கவலை இருந்தாலும் இப்படி ஆகும். நோன்புக்கு முந்தியே சாப்பாடு எறங்கலயா?"

வஹிதா ஆமென்று தலையசைத்தாள்.

"ஏன்? வீட்டுல அடிக்கிறாங்களா?"

"இல்லீங்க."

"பின்ன?"

"பயமா இருக்குதுங்க டாக்டர்." குரல் இறங்கியது. "நானும் அக்கா மாதிரி ஆயிருவனோன்னு."

நர்ஸ் லூர்துமேரி ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, "மிச்ச நோன்ப வைக்காத. நல்லா சாப்பிடு. ரிசல்ட் வந்ததும் வா" என்றார். ஜான் பீயை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வஹிதா அழுதாள். "வூட்டுல சொல்லிராதக்கா. ரிசல்ட் வர்ற வரைக்குமாச்சும். நான் ஒன்ன நெனச்சு அப்பிடிச் சொல்லல."

"பின்ன யார நெனச்சு சொன்ன?" என்று கேட்டாள் ஜான் பீ.

குழந்தை இல்லை என்று வீட்டில் ஒரு சொல் போதும். காரிமங்கலத்துப் பேச்சு மறுபடி கிளம்பாது. இவளும் தன் பக்கத்தில் வந்து உட்காருவாள். இவள் சோறு இறங்காமல் பயந்துகொண்டிருந்ததும் அந்த இடத்துக்குத்தான். சொல்லாவிட்டால், இல்லாத பிள்ளைக்காகக் கறித்துண்டுகள் இவள் தட்டில் விழும். டாக்டர் சொன்ன சாப்பாடும் அதுதான்.

வீடு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்த ரோஷன் பீ, கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்னடி சொன்னாங்க?"

"இவ இனிமே நோன்பு வெக்கக் கூடாதாம் மாமி. நல்லா சாப்பிடணுமாம்."

"அது கெடக்கட்டும். முழுகாமதான இருக்கா? அதச் சொல்லு மொதல்ல."

புர்காவின் மடிப்புக்குள் வஹிதாவின் விரல்கள் தேடிவந்து ஜான் பீயின் கையைப் பற்றிக்கொண்டன. எலும்பாக, ஈரமாக, நகம் பதிய இறுகின. தன்னைப் போல் ஆகிவிடக் கூடாதென்று பயந்த அதே விரல்கள். ரோஷன் பீயின் கரண்டியிலிருந்து கஞ்சி சொட்டி வாசற்படியில் வெள்ளையாகப் பரவிக்கொண்டிருந்தது. கிழவி அதைக் கவனிக்காமல் ஜான் பீயின் வாயையே பார்த்தபடி நின்றாள்.